திருவிதாங்கூருக்குப் பெயர் கொடுத்த ஊர்

சென்னையில் வளர்ந்த ஒரு தங்கையின் கேள்வி இது. திருவிதாங்கூர் என்ற பெயர் எங்கிருந்து வந்தது? கேரள வரைபடத்தில் எவ்வளவு தேடியும் அந்தப் பெயரில் ஓர் ஊர் கிடைக்கவில்லையே, ஏன்? அந்தப் பெயர் இன்னும் எதிலெல்லாம் ஒட்டிக்கொண்டிருக்கிறது? அவருடைய தாத்தா குழித்துறைக்காரராம். கடைசிவரை "நான் திருவிதாங்கூர்க்காரன்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாராம்.

கேரள வரைபடத்தில் கிடைக்காது, தங்கச்சி. தாத்தா ஊரிலிருந்து நாகர்கோவில் பஸ்ஸில் ஏறித் தக்கலையில் இறங்குங்கள். அங்கிருந்து மூன்று கிலோமீட்டருக்குள் திருவிதாங்கோடு. கன்னியாகுமரி மாவட்டம், கல்குளம் தாலுகா, ஒரு பேரூராட்சி. மகாதேவர் கோயில் ஒன்று உண்டு. தோமையார் கட்டியதாகச் சொல்லப்படும் ஏழரைப் பள்ளிகளில் அந்த 'அரை'யாக எண்ணப்படும் சின்னக் கல் தேவாலயம் உண்டு. பள்ளிவாசலும் முஸ்லிம் கலைக் கல்லூரியும் உண்டு. தென்னையும் வாழையும் சூழ்ந்த, மேடும் பள்ளமுமான ஊர். கன்னியாகுமரி முனையிலிருந்து வடக்கே பறவூர் வரை நீண்டு கிடந்த ஒரு சமஸ்தானத்தின் பெயர் இந்த ஊரின் பெயர்தான். நான் தக்கலைப் பக்கத்தில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்கே இது தெரியாமல் போய்க்கொண்டிருக்கிறது என்ற வருத்தம் எனக்கு உண்டு. அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன்.

முதலில் பெயரின் பின்பாதியைப் பார்ப்போம், அதுதான் எளிது. சிவராத்திரிக்குச் சிவாலய ஓட்டம் பார்த்திருக்கிறீர்களா? முஞ்சிறைக்குப் பக்கத்தில் திருமலையில் தொடங்கி, பன்னிரண்டு சிவன் கோயில்களை ஓடியே தரிசிப்பார்கள். 100 கிலோமீட்டருக்கு மேல் வரும். காவி வேட்டி, கையில் பனையோலை விசிறி, வாயில் "கோவிந்தா, கோபாலா". சிவன் கோயிலுக்கு ஓடுகிறவர்கள் பெருமாள் பெயரைக் கூவிக்கொண்டு ஓடுவது எங்கள் ஊரில்தான். அந்தக் கோயில்களின் வரிசையில் எட்டாவது மேலாங்கோடு, ஒன்பதாவது திருவிடைக்கோடு, பத்தாவது திருவிதாங்கோடு, பதினொன்றாவது திருப்பன்றிக்கோடு. நான்கு கோடுகள் ஒன்றன்பின் ஒன்றாக. சின்ன வயதில் ஓட்டக்காரர்களுக்கு மோர் ஊற்றிக் கொடுக்க வழியோரம் நின்றிருக்கிறேன். மேடேறி வரும்போது அவர்கள் காலில் செம்மண் அப்பியிருக்கும், பாதம் வெடித்திருக்கும், டம்ளரை வாங்கும் கை நடுங்கும். அடுத்த மேட்டுக்குப் போகிற பாதையைத்தான் கேட்பார்கள். 'கோடு' என்றால் என்ன என்று எனக்குப் புரிந்தது அகராதியைப் பார்த்தல்ல, அவர்களுடைய மூச்சிரைப்பைப் பார்த்துத்தான்.

கோடு என்றால் மேடு, மலைமுகடு, கரை. மரக்கிளையையும் யானைக் கொம்பையும்கூடக் கோடு என்போம். திருச்செங்கோடும் கோழிக்கோடும் காசர்கோடும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். எங்கள் மாவட்டத்தின் மேற்குப் பாதியில் தடுக்கி விழுந்தால் ஒரு கோடு: விளவங்கோடு, வெள்ளிக்கோடு, இடைக்கோடு, விரிகோடு, கட்டிமாங்கோடு. வயலைப் பார்த்த செம்மண் மேடுகளில் வீடும் கோயிலும், பள்ளத்தில் குளமும் நெல்லும் என்று அமைந்த நிலம் இது. அந்த நிலத்தைப் பார்த்தவன் வைத்த பெயர்கள் இவை. பழந்தமிழில் கோடு என்பதற்குச் சங்கு என்றும் ஒரு பொருள் உண்டு. திருவிதாங்கூரின் அரசு முத்திரையும் சங்குதான். இரண்டுக்கும் தொடர்பு இருப்பதாக நான் சொல்ல வரவில்லை. ஆனாலும் நினைக்கும்போது மனசுக்குப் பிடித்திருக்கிறது.

சரி, முன்பாதிக்கு வருவோம். இங்கேதான் ஆளுக்கொரு விளக்கம் சொல்கிறார்கள். சமஸ்தான வரலாற்றை எழுதியவர்கள் அதிகம் சொன்னது, 'ஸ்ரீ வாழும் கோடு'. திருமகள் குடியிருக்கும் மேடு. கேட்க நன்றாக இருக்கிறது, அரசாங்கத்துக்குப் பெருமையாகவும் இருந்திருக்கும். ஆனால் 'வாழும்' என்பது 'விதாம்' என்று மாறுவதற்கு எங்கள் பேச்சில் வேறு சான்று கிடையாது. ஊர்ப்பெயருக்குப் பின்னாளில் மெருகு பூசிய கதை என்றுதான் எனக்குப் படுகிறது. அந்தப் பூச்சு தமிழ்நாடு முழுக்க நடந்திருக்கிறது. பழைய ஊர்ப்பெயரின் பொருள் மறந்ததும் வடமொழியில் ஒரு புராணம் வந்து உட்கார்ந்துவிடும்.

இரண்டாவது விளக்கம், திருவடி. இந்தப் பகுதியை அன்று ஆண்ட வேணாட்டு அரசர்களைத் திருவடி என்று அழைப்பது பழைய வழக்கம். இதற்கு உறுதியான சான்று இருக்கிறது. கி.பி. 849ஆம் ஆண்டின் தரிசாப்பள்ளிச் செப்பேடு, கொல்லத்துத் தேவாலயம் ஒன்றுக்குக் கொடுக்கப்பட்ட கொடைப் பட்டயம். அதைக் கொடுத்தவரை "வேணாடு வாழ்கின்ற அய்யனடிகள் திருவடி" என்கிறது அந்தச் செப்பேடு. வேணாட்டை ஆளுகின்ற அய்யனடிகள் என்று பொருள். ஒன்பதாம் திருமுறையில் திருவிசைப்பா பாடியவர்களில் ஒருவருடைய பெயரும் வேணாட்டடிகள்தான். தில்லை நடராசரைப் பாடியவர். ஆக, திருவடி இருந்த கோடு திருவடிக்கோடு, அதுவே மருவித் திருவிதாங்கோடு என்பது இந்த விளக்கம். வரலாற்றோடு பொருந்துகிறது. ஆனால் இதிலும் ஓர் இடறல் இருக்கிறது. திருவடி என்ற சொல்லில் உள்ள 'டி' எங்கள் நாவில் ஏன் 'தி'யாக வேண்டும்? எங்கள் ஊரில் அடி இன்றும் அடிதான்.

என் எண்ணத்தைச் சொல்கிறேன். அந்தப் பெயரைத் தனியாக எடுத்து வைத்துப் பார்ப்பதால்தான் குழப்பம் வருகிறது. பக்கத்து ஊர்களோடு சேர்த்து வைத்துப் பாருங்கள். சிவாலயங்களின் பெயர்களில் பாதிக்கு மேல் திருவில் தொடங்குகின்றன: திருமலை, திருநந்திக்கரை, திருநட்டாலம், திருப்பன்றிக்கோடு. கோயில் இருக்கும் ஊர் என்பதால் ஒட்டிய திரு அது. அதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது 'விதாங்கோடு'. மேலாங்கோடு, கட்டிமாங்கோடு, விளவங்கோடு என்ற கூட்டத்தில் அது அப்படியே பொருந்தி உட்கார்ந்துகொள்கிறது. விளவு என்பது விளாமரம், விளவங்கோடு என்றதும் எனக்கு அந்த மரம் நின்ற மேடுதான் கண்ணில் வரும். அதுபோல விதாங்கோடும் யாரோ ஓர் உழவன் தன் மேட்டுக்கு இட்ட பெயர் என்றே நினைக்கிறேன். அரசனும் தேவியும் பின்னால் வந்தவர்கள்.

அப்புறம் ஒரு மேட்டின் பெயர் நாட்டின் பெயரானது எப்படி?

இந்த நாட்டின் பழைய பெயர் வேணாடு. செந்தமிழ் நாட்டைச் சூழ்ந்த பன்னிரண்டு கொடுந்தமிழ் நாடுகளை உரையாசிரியர்கள் எண்ணும்போது குட்டநாடு, குடநாடு, பூழிநாடு ஆகியவற்றோடு வேணாட்டையும் எண்ணுவார்கள். அதற்கும் முன்னே இந்தத் தெற்குப் பகுதி ஆய் நாடு, புறநானூற்றில் வரும் ஆய் அண்டிரனின் குலத்தார் ஆண்டது. வேணாட்டு அரசகுடும்பம் நாளடைவில் பல கிளைகளாகப் பிரிந்தது. கிளையைச் சொரூபம் என்பார்கள். தெற்கே ஆண்ட கிளை திருவிதாங்கோட்டைத் தலைநகராக வைத்துக்கொண்டது. உள்ளூர்க்காரனுக்கு நாடு வேணாடுதான். வெளியிலிருந்து வருகிறவனுக்கோ அரசன் எந்த ஊரில் இருக்கிறானோ அதுவே நாட்டின் பெயர்.

அப்படி வெளியிலிருந்து வந்தவர்களில் ஒருவர் பிரான்சிஸ் சவேரியார். 1544ஆம் ஆண்டு இறுதியில் பூவாறிலிருந்து கிழக்கே பள்ளம் என்ற ஊர் வரை கடற்கரையில் நடந்தே போய், ஒரே மாதத்தில் 10,000 பேருக்கு மேல் ஞானஸ்நானம் கொடுத்ததாக எழுதினார். அந்த ஊர்களில் பெரும்பாலானவை இன்று எங்கள் மாவட்டத்தில் இருக்கின்றன. தாம் வேலை செய்த நாட்டை அந்தக் கடிதங்களில் அவர் 'திராவன்கோர்' என்கிறார். கோட்டாற்றில் சவேரியார் பேராலயத் திருவிழாவுக்கு டிசம்பர் 3ஆம் தேதி இன்றும் மாவட்டத்துக்கே விடுமுறை. ஆக ஐரோப்பியர் எழுத்தில் திருவிதாங்கோடு நாட்டின் பெயராகி ஐந்நூறு ஆண்டுகள் நெருங்குகின்றன.

கோடு எப்படிக் கூர் ஆனது? கோழிக்கோடு அவர்களிடம் காலிகட் ஆயிற்று, அங்கே கடைசியில் 'ட்' நின்றது. இங்கே நிற்கவில்லை. தஞ்சாவூர் தஞ்சோர் ஆகி, மங்களூர் மங்களோர் ஆகி, வேலூரும் நெல்லூரும் அந்த வரிசையில் சேர்ந்த பிறகு, திருவிதாங்கோடும் அதே அச்சில் 'திராவன்கோர்' என்று வார்க்கப்பட்டிருக்கலாம். பிறகு அந்த 'கோர்' நம்மிடமே திரும்பி வந்து கூர் ஆனது என்பது என் ஊகம். தமிழ் அச்சில் நெடுங்காலம் 'திருவாங்கூர்' என்று சுருக்கியும் எழுதினார்கள். நான் பார்த்த அரிய எடுத்துக்காட்டு இது. ஊரின் பெயர் கோட்டோடு அப்படியே நிற்கிறது, நாட்டின் பெயர் வெளிநாடு போய்விட்டு வந்ததுபோல வேறு வாலோடு நிற்கிறது.

இன்னொன்றைக் கவனியுங்கள். மன்னர்கள் தங்களைச் சொல்லிக்கொண்டபோது இந்தப் பெயர் முன்னால் வரவில்லை. ஸ்ரீபத்மநாபதாச, வஞ்சிபால, குலசேகர கிரீடபதி, மன்னே சுல்தான், ராமராஜ பகதூர், ஷம்ஷேர் ஜங் என்று பட்டம் நீண்டுகொண்டே போகும். பத்மநாபன் வருகிறார், சேரரின் வஞ்சி வருகிறது, ஆற்காட்டு நவாப் கொடுத்த சுல்தான்கூட வருகிறார். ட்ராவன்கோர் மகாராஜா என்பது ஆங்கிலத்தில் கடைசியாகத்தான் சேரும். சமஸ்தானத்தின் கீதமும் 'வஞ்சிபூமி' என்றுதான் தொடங்கியது. அரசன் வஞ்சி என்றான், உலகம் திருவிதாங்கூர் என்றது. நிலைத்தது உலகம் சொன்னது.

அரசர்கள் ஊரை விட்டுப் போன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தலைநகர் பக்கத்திலேயே கல்குளத்துக்கு மாறியது. 1729இல் பட்டத்துக்கு வந்த மார்த்தாண்ட வர்மா சிற்றரசுகளை ஒவ்வொன்றாக அடக்கி வடக்கே போனார். 1741இல் குளச்சலில் டச்சுக்காரர்களைத் தோற்கடித்தார். கல்குளத்துக்குப் பத்மநாபபுரம் என்று பெயர் சூட்டியதும் அவர்தான். 1750 ஜனவரியில் நாட்டையே பத்மநாபசாமிக்கு எழுதிக்கொடுத்துவிட்டுத் தாசனாக ஆண்டார். அவருக்குப் பின்வந்த தர்மராஜா காலத்தில், 1795இல், தலைநகர் திருவனந்தபுரம் போனது. நாடு வடக்கே வளர வளர, பெயர் கொடுத்த ஊர் தெற்கு மூலையில் ஒதுங்கியது.

பெயரோடு பெருமை மட்டும் வரவில்லை என்பதையும் உங்களிடம் சொல்ல வேண்டும். எங்கள் மாவட்டத்தில் திருவிதாங்கூர் என்றால் முகம் மலரும் வீடும் உண்டு, முகம் சுருங்கும் வீடும் உண்டு. ஊழியம் என்ற பெயரில் கூலியில்லாத வேலை வாங்கிய அரசு அது. நாடார் பெண்கள் மேலாடை போடும் உரிமைக்காக அடிவாங்கிப் போராடி, 1859 ஜூலையில் அரசு அறிக்கை வந்த பிறகுதான் ஓரளவு மூச்சுவிட முடிந்தது. சாமித்தோப்பு அய்யா வைகுண்டர் அந்த மன்னரை நீசன் என்றே அழைத்தார், அதற்காகத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறையிருந்தார். அதே அரசுதான் 1936 நவம்பர் 12ஆம் தேதி எல்லாச் சாதியாருக்கும் கோயில் திறந்துவிட்ட அறிக்கையையும் வெளியிட்டது. உங்கள் தாத்தா எந்த மனசோடு "திருவிதாங்கூர்க்காரன்" என்றார் என்று எனக்குத் தெரியாது. கேட்டு வைத்திருந்தால் அது பெரிய சொத்து.

1949 ஜூலை 1ஆம் தேதி கொச்சியோடு இணைந்தபோது அந்த நீண்ட பெயர் 'திரு-கொச்சி' ஆனது. தமிழ்ப் பத்திரிகைகளில் அப்படித்தான் வரும். ஊர்ப்பெயரில் மிஞ்சியது அந்தத் திரு மட்டும். அதற்கு முன்பிருந்தே தெற்குத் தாலுகாக்களின் தமிழர்கள் தாய்த்தமிழகத்தோடு சேர வேண்டும் என்று போராடிக்கொண்டிருந்தார்கள். மார்ஷல் நேசமணி தலைமையில் நின்ற அந்தக் கட்சியின் பெயர் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். பிரிய நினைத்த நாட்டின் பெயரும் சேர நினைத்த நாட்டின் பெயரும் ஒரே பலகையில்! 1954 ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் போலீஸ் சுட்டதில் உயிர்கள் போயின. 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்துக்கு வந்தன, செங்கோட்டைப் பகுதி திருநெல்வேலியோடு சேர்ந்தது. அன்றைக்குத்தான் திருவிதாங்கூரின் பெரும்பகுதி ஒரு மாநிலத்திலும் திருவிதாங்கோடு வேறொரு மாநிலத்திலும் ஆயின. நீங்கள் கேரள வரைபடத்தில் தேடிக் கிடைக்காததற்குக் காரணம் இதுதான். பத்மநாபபுரம் அரண்மனை மட்டும் தமிழக மண்ணில் இருந்துகொண்டே கேரள அரசின் பராமரிப்பில் தொடர்கிறது. ஆண்டுதோறும் நவராத்திரிக்கு அந்த அரண்மனையில் மன்னரின் உடைவாளைக் கைமாற்றி வாங்கிக்கொண்டு, தேவாரக்கட்டு சரஸ்வதியும் வேளிமலைக் குமாரசாமியும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் திருவனந்தபுரம் போய்வருகிறார்கள். எல்லையில் இரண்டு மாநிலப் போலீசும் மரியாதை செலுத்தும்.

இனி, பெயர் ஒட்டிக்கொண்டிருக்கும் இடங்கள். எனக்கு மிகவும் பிடித்தது நாகர்கோவிலில் இருக்கிறது. 1952இல் தொடங்கிய இந்துக் கல்லூரியின் பலகையில் 'தெ.தி. இந்துக் கல்லூரி' என்று இருக்கும். எத்தனையோ பேர் அங்கே படித்துப் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். தெ.தி. என்றால் என்ன என்று கேட்டால் பலரும் யோசிப்பார்கள். தென் திருவிதாங்கூர். எங்கள் மாவட்டத்தின் பழைய பெயரே அந்த இரண்டு எழுத்துக்குள் இருக்கிறது.

அடுத்தது வங்கி. 1945இல் திருவிதாங்கூர் வங்கியாகத் தொடங்கி, 1960இல் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவாங்கூர் ஆனது. நாங்கள் எஸ்.பி.டி. என்போம். அப்பாவின் பென்ஷன் அதில்தான் வந்துகொண்டிருந்தது. 2017 ஏப்ரல் 1ஆம் தேதி அது பாரத ஸ்டேட் வங்கியோடு இணைந்தது. அப்பா பழைய பாஸ்புக்கைத் தூர எறியாமல் பிளாஸ்டிக் உறையோடு பீரோவில் வைத்திருக்கிறார். அட்டையில் பெயர் பாதி அழிந்துவிட்டது, 'வாங்கூர்' மட்டும் தெரிகிறது.

தொழிற்சாலைகளின் பெயர்கள் பெரும்பாலும் சர் சி.பி. ராமசாமி அய்யர் திவானாக இருந்த 1936 முதல் 1947 வரையிலான காலத்தில் பிறந்தவை. ஆலுவாப் பக்கம் உரத் தொழிற்சாலை இருக்கிறதே, ஃபாக்ட் என்று எல்லோரும் சொல்வது, அதில் கடைசி எழுத்து திருவிதாங்கூர்தான். பெர்ட்டிலைசர்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் திருவாங்கூர், 1943இல் பதிவானது. திருவனந்தபுரத்தில் கொச்சுவேளியில் திருவாங்கூர் டைட்டானியம், 1946. டைட்டானியம் எடுக்கும் இல்மனைட் இந்தக் கரையோரக் கருமணலில் இருப்பது. எங்கள் மணவாளக்குறிச்சிக் கரையிலும் அந்த மணல்தான். அதைக் கண்டுபிடித்த கதை வேடிக்கையானது. இங்கிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணலைப் பார்த்து, அதில் மோனசைட் என்ற தாது இருக்கிறதென்று ஷோம்பர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் 1909இல் கண்டுகொண்டார். அவர் தேடி வந்து சேர்ந்த இடம் மணவாளக்குறிச்சி. திருவிதாங்கோட்டிலிருந்து அந்தக் கரை கூப்பிடு தூரம் என்று சொல்லலாம்.

திருவிதாங்கூர்ப் பல்கலைக்கழகம் 1937இல் தொடங்கியது, 1957இல் கேரளப் பல்கலைக்கழகமாகப் பெயர் மாறியது. கோயில்களை ஆளும் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு பெயர் மாறாமல் நிற்கிறது. சபரிமலை அதன்கீழ்தான். எங்கள் சுசீந்திரம், குமாரகோவில் எல்லாம் தமிழக அறநிலையத் துறைக்கு வந்து எழுபது ஆண்டு ஆகப்போகிறது, ஆனால் பெரியவர்கள் இன்னும் 'தேவசம் போர்டு' என்றுதான் சொல்வார்கள். திரையில் லலிதா, பத்மினி, ராகினி மூவரையும் திருவாங்கூர் சகோதரிகள் என்று தமிழ்நாடு முழுக்கக் கொண்டாடியது உங்கள் பாட்டிக்கு நினைவிருக்கும்.

காட்டிலும் அந்தப் பெயர் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலை ஆமை ஒன்றுக்கு அறிவியல் பெயர் இண்டோடெஸ்டுடோ ட்ராவன்கோரிகா. கூடை முடைய வெட்டும் ஈற்றல் என்ற மூங்கில் வகை ஒன்றின் பெயர் ஓக்லாண்ட்ரா ட்ராவன்கோரிகா. செங்குறிஞ்சி மரத்துக்கு க்ளூட்டா ட்ராவன்கோரிகா. செங்கோட்டைக்கு அப்பால் இருக்கும் செந்துருணி சரணாலயத்துக்குப் பெயர் வந்தது அந்தச் செங்குறிஞ்சியால்தான். அரசு போனாலும் இந்தப் பெயர்களை யாரும் சுலபத்தில் மாற்ற முடியாது. அறிவியல் பெயரில் முதலில் வைத்ததற்கே உரிமை.

எல்லாவற்றையும் விட என்னை வியக்கவைத்தது ஆஸ்திரேலியா. மெல்போர்ன் நகரத்தில் ட்ராவன்கோர் என்று ஒரு குடியிருப்புப் பகுதி இருக்கிறது. இந்தியாவுக்குக் குதிரைகளை ஏற்றுமதி செய்துவந்த ஹென்றி மேடன் என்பவர் அங்கே ஒரு மாளிகையை வாங்கி, அதற்கு ட்ராவன்கோர் என்று பெயர் வைத்தார். பின்னால் அந்த நிலம் மனைகளாகப் பிரிந்தபோது தெருக்களுக்கும் பரோடா, லக்னோ, மங்களூர் என்று பெயர் வைத்தார்கள். அங்கே வீட்டு விலாசத்தில் ட்ராவன்கோர் என்று எழுதுகிறவர்களுக்கு, அது தக்கலைப் பக்கத்து மேடு ஒன்றின் பெயர் என்று யாராவது சொல்லியிருப்பார்களா? நீங்கள் அந்தப் பக்கம் போனால் சொல்லிவிட்டு வாருங்கள்.

பெயர் இல்லாமலே பிழைத்திருப்பவையும் சில உண்டு. சமஸ்தானத்தின் காசு சக்கரம். 16 காசு ஒரு சக்கரம், 4 சக்கரம் ஒரு பணம், 7 பணம் ஒரு திருவிதாங்கூர் ரூபாய். கையில் காசில்லை என்பதற்கு "கையில சக்கரம் இல்ல" என்று சொல்லும் கிழவர்களை நான் பார்த்திருக்கிறேன். சமஸ்தானத்தின் தபாலுக்குப் பெயர் அஞ்சல். 1888இல் சங்கு படம் போட்டுத் தபால்தலை வெளியிட்டார்கள். அஞ்சல்காரன் கையில் மணி கட்டிய கம்போடு ஓடுவான், வழியில் இருப்பவர்கள் ஒதுங்க வேண்டும். இன்று தமிழ்நாடு முழுக்கத் தபால் நிலையத்தை அஞ்சல் நிலையம் என்று எழுதுகிறோம். எங்கள் பாட்டிமாருக்கு அது புதுத் தமிழாகவே தோன்றவில்லை, பிறந்தது முதல் கேட்ட சொல். கேரள அரசின் முத்திரையில் இரண்டு யானைகளுக்கு நடுவே நிற்கும் சங்கும் அந்தப் பழைய சங்குதான்.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. தாத்தா வீட்டில் பழைய ஆதாரம் இருக்கிறதா என்று கேளுங்கள். நிலப்பத்திரத்தை எங்கள் ஊரில் ஆதாரம் என்போம். 1956க்கு முந்தையது என்றால் பெரும்பாலும் மலையாள எழுத்தில் இருக்கும், பயப்படாதீர்கள், படித்துச் சொல்ல ஆள் கிடைப்பார்கள். தேதி கொல்லம் ஆண்டில், அதாவது மலையாள ஆண்டுக் கணக்கில் இருக்கும். அதோடு 825 கூட்டினால் ஆங்கில ஆண்டு வரும். ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிவு வரையுள்ள தேதியானால் 824 கூட்டுங்கள். எங்கள் வீட்டில் கொல்லம் 1117ஆம் ஆண்டு ஆதாரம் ஒன்று இருக்கிறது, அம்மாவின் தாத்தா வாங்கிய பதினெட்டு சென்ட் புரையிடத்துக்கு, அதாவது வீடும் தோட்டமுமான மனைக்கு. தாள் பழுத்து, மடித்த இடமெல்லாம் கிழிந்திருக்கிறது. மேலே முத்திரையில் சங்கு, அதன்கீழே ஆங்கிலத்தில் ட்ராவன்கோர். நாலு விரற்கடை கீழே, வட்டெழுத்துபோல் உருண்ட மலையாளக் கையெழுத்தில், அந்த நிலம் இருக்கும் ஊர்: திருவிதாங்கோடு.